அரைப் பல் தள்ளி நிற்கும் கேம் குறி: வீரா 1.5 எஞ்சினை வீட்டில் திரும்பப் பூட்டும்போது

ஜெலுத்தோங்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 1996ஆம் ஆண்டு புரோட்டோன் வீரா ஒன்று இருக்கிறது, 1.5 லிட்டர், 12 வால்வு, மேனுவல் கியர். சென்ற மாதம் பினாங்குப் பாலத்தில் மாலை நெரிசலில் நின்றிருந்தபோது ரேடியேட்டரின் மேல் குழாய் பிளந்து, எஞ்சின் சூடேறி, ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களுக்கு மூடியாக இருக்கும் ஹெட்டின் அடியில் வரும் அடைப்புத் தகடு) போய்விட்டது. பட்டறையில் சொன்ன கூலி, காரை விற்றால் கிடைக்கும் தொகையில் பாதியைத் தொட்டதால், ஹெட்டை நானே கழற்றினேன். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு மெஷின் ஷாப்பில் கொடுத்து, அடிப்பரப்பைச் சீவி, வால்வுகளை அவற்றின் இருக்கையில் அரைத்து, புதிய வால்வு சீல்களும் போட்டு வாங்கி வந்தேன். 0.2 மில்லிமீட்டர் சீவியதாகச் சொன்னார்கள்.

ஹெட்டை ஏற்றி, போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் வரிசைப்படி முடுக்கியது வரை சிக்கல் ஏதும் இல்லை. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் இணைக்கும் டைமிங் பெல்ட்டிடம்தான் மாட்டிக்கொண்டேன். முதல் சிலிண்டரின் பிளக் துளையில் நீளமான ஸ்குரூடிரைவரை விட்டு, பிஸ்டன் ஏறி முடியும் இடத்தைப் பார்த்து கிராங்க்கை டாப்பில் நிறுத்தினேன். பிறகு கேம் புல்லியின் குறியை ஹெட்டில் இருக்கும் குறிக்கு நேராகக் கொண்டுவந்து பெல்ட்டை மாட்டினால், குறி நேராக நிற்க மறுக்கிறது. ஒரு பல் இப்படி வைத்தால் குறி அரைப் பல் முந்துகிறது. ஒரு பல் அப்படி வைத்தால் அரைப் பல் பிந்துகிறது. கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, மறுபடி ஸ்குரூடிரைவரால் டாப் பிடித்துப் பார்த்தாலும் அதே கதைதான். நான்கு முறை கழற்றி மாட்டிவிட்டேன்.

இதோடு இன்னொன்றும் இருக்கிறது. கேமின் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் ராக்கர்களில், மூன்றாம் சிலிண்டரின் ராக்கர் ஒன்று வால்வுத் தண்டின் தலையில் நடுவாக உட்காராமல், மூன்றில் ஒரு பங்கு ஓரமாக ஒதுங்கி நிற்கிறது. விரலால் தள்ளினால் நடுவுக்கு வருகிறது. விட்டவுடன் மறுபடி ஒதுங்கிக்கொள்கிறது.

ஹெட்டைச் சீவியதால்தான் குறி தள்ளிப்போனதா? நகர்த்தி வைக்கக்கூடிய கேம் புல்லி ஒன்றை வாங்கிப் போட்டால் தீர்ந்துவிடும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். தைப்பூசத்தன்று அம்மாவைத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு இந்தக் காரில் அழைத்துப்போக வேண்டும் என்பது என் ஆசை. ஆயினும் அவசரத்தில் வால்வை வளைத்துக்கொள்ள விரும்பாததால், இதுவரை ஸ்டார்ட்டரைத் தொடவில்லை.


பிறைக்காரன் எழுதியது:

வணக்கம் நண்பரே. ஸ்டார்ட்டரைத் தொடாமல் நிறுத்திக்கொண்டது நல்ல காரியம். டைமிங் தவறினால் இந்த எஞ்சினில் வால்வு பிஸ்டனை இடிக்குமா இடிக்காதா என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. வீட்டில் பூட்டுகிறவர் இடிக்கும் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்வதுதான் செலவு குறைந்த வழி.

சீவிய வேலையின் மேல் நீங்கள் போடும் பழியை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். ஹெட் 0.2 மில்லிமீட்டர் மெலிந்தால், கேமுக்கும் கிராங்க்குக்கும் இடையில் உள்ள தூரம் அதே 0.2 குறைகிறது. பெல்ட்டின் இறுகிய பக்கத்தில் அந்த அளவு பெல்ட் மிஞ்சுகிறது. அதை எடுத்துக்கொள்வதற்காகக் கேம் புல்லி அந்த 0.2 மட்டும் பின்னோக்கித் திரும்புகிறது. கேம் புல்லியில் 48 பற்கள், பல்லுக்குப் பல் 8 மில்லிமீட்டர் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். உங்கள் புல்லியை எண்ணி, எண் வேறாக இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். முடிவு பெரிதாக மாறாது. சுற்றளவு 384 மில்லிமீட்டர். அதில் 0.2 என்பது கேமில் 0.19 டிகிரி. கேம் ஒரு சுற்று வரும்போது கிராங்க் இரண்டு சுற்று வருவதால், கிராங்க்கில் 0.38 டிகிரி. இந்த வித்தியாசத்தை நம் கண் கண்டுபிடிக்காது, எஞ்சினும் பொருட்படுத்தாது.

அரைப் பல் என்பதோ 4 மில்லிமீட்டர். கேமில் 3.75 டிகிரி, கிராங்க்கில் 7.5 டிகிரி. சீவியதனால் மட்டுமே அரைப் பல் தள்ளிப்போக வேண்டுமென்றால் அவர்கள் 4 மில்லிமீட்டர் சீவியிருக்க வேண்டும். அப்படிச் சீவியிருந்தால் நீங்கள் ஹெட்டைக் கையில் வாங்கியபோதே கண்டுபிடித்திருப்பீர்கள்.

என் சந்தேகம் உங்கள் ஸ்குரூடிரைவரின் மேல். இந்த எஞ்சினில் பிஸ்டனின் ஓட்டம் 82 மில்லிமீட்டர். நடு வழியில் வேகமாக ஓடும் பிஸ்டன், உச்சியை நெருங்கும்போது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. உச்சிக்கு 7.5 டிகிரி முன்னால் இருக்கும்போது, அது உச்சியிலிருந்து அரை மில்லிமீட்டர்கூட இறங்கியிருக்காது. பிளக் துளையில் சாய்ந்து நிற்கும் ஒரு ஸ்குரூடிரைவர் அந்த அரை மில்லிமீட்டரைக் காட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ஏறுவது நின்றதாகத் தோன்றிய கணத்தில் நீங்கள் கையை எடுக்கிறீர்கள். அந்தக் கணம் ஒவ்வொரு முறையும் உண்மையான டாப்புக்கு ஏழெட்டு டிகிரி முன்னாலேயே வந்துவிடுகிறது. அதனால்தான் நான்கு முறையும் ஒரே மாதிரி தவறு வந்திருக்கிறது. தவறு ஒரே மாதிரி திரும்ப வரும்போது, அதுவே சரியான அளவு என்று நாம் நம்பிவிடுகிறோம்.

கிராங்க்கின் முனையில் பெல்ட் ஓடும் சிறிய பல்சக்கரத்தில் ஒரு குறி இருக்கும். அதற்கு நேராக எஞ்சினின் முன்புற உறையிலும் ஒரு குறி இருக்கும். டைமிங் பெல்ட்டைப் பொருத்தப் பயன்பட வேண்டியவை அவை இரண்டும்தான். வெளியில் இருக்கும் பெரிய புல்லியின் வெட்டு, இக்னிஷன் டைமிங் பார்ப்பதற்கானது. சில புல்லிகளில் உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவில் ரப்பர் இருக்கும். பழைய கார்களில் அந்த ரப்பர் நழுவி, வெட்டு இடம் மாறியிருக்கக்கூடும் என்பதால் அதையும் நம்ப வேண்டாம்.

குறி தெரியவில்லை என்றால் அல்லது அதையும் சரிபார்க்க விரும்பினால், ஒரு வழி இருக்கிறது. கோப்பிக்கடையில் தருகிற மூங்கில் சாப்ஸ்டிக் ஒன்றைப் பிளக் துளையில் விடுங்கள், பிஸ்டனைக் கீறாது. பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது துளையின் விளிம்பு குச்சியில் எங்கே வருகிறதோ, அதற்கு 10 மில்லிமீட்டர் மேலே ஒரு டேப் ஒட்டுங்கள். பெல்ட் மாட்டிய நிலையிலேயே, எஞ்சின் இயல்பாகச் சுழலும் திசையில் கையால் திருப்பி, பிஸ்டன் ஏறி வரும்போது டேப் விளிம்புக்கு நேராக வரும் இடத்தைப் புல்லியில் குறித்துக்கொள்ளுங்கள். அப்படியே உச்சியைத் தாண்டி, பிஸ்டன் இறங்கும்போது டேப் மறுபடி விளிம்புக்கு வரும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் டாப். உச்சியிலிருந்து 10 மில்லிமீட்டர் கீழே பிஸ்டன் வேகமாக நகர்வதால், அங்கே உங்கள் கண் ஏமாறுவதற்கு இடம் மிகக் குறைவு.

பின்குறிப்பாக ஒன்று: தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குக் காரில் போய் நிறுத்த இடம் கிடைக்கும் என்று நம்புகிற உங்கள் துணிச்சலை டைமிங் பெல்ட்டில் காட்டாதீர்கள்.


கெப்போங்சாலை எழுதியது:

நான் இரண்டு வீரா வைத்திருந்தவன். இத்தனை மணி நேரம் செலவழிப்பதைவிட பழைய கார்களை வெட்டிப் பாகங்களாக விற்கும் ஹாஃப் கட் கடையில் ஒரு முழு எஞ்சின் வாங்கி இறக்கிவிடுவது நிம்மதி. இல்லை என்றால் அந்த நகரும் கேம் புல்லியைப் போட்டு, குறியைக் கண்ணால் நேராக்கிவிட்டு ஓட்டுங்கள். சில நூறு வெள்ளியில் (ரிங்கிட்டில்) முடிந்துவிடும். என் நண்பர் அப்படித்தான் செய்தார், இன்றும் ஓடுகிறது.


செந்தூல்_ஓய்வு எழுதியது:

தம்பிக்கு வணக்கம். நான் செந்தூல் இரயில் பட்டறையில் பொருத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். கார் எனக்குப் பொழுதுபோக்கு. பிறைக்காரர் கிராங்க் பக்கத்தை நன்றாகவே சொல்லிவிட்டார்.

கெப்போங் நண்பர் மன்னிக்க வேண்டும். நகரும் புல்லியை வைத்துக் கேம் குறியை நேராக்கினால், தவறான டாப்புக்குக் கேமைப் பொருத்தியதாகத்தான் ஆகும். ஹெட்டை மிக அதிகமாகச் சீவியவர்களும், வேறு கேம் போட்டவர்களும் அளந்து பயன்படுத்துவதற்காக அந்தப் புல்லி செய்யப்பட்டது. கண்ணால் பார்த்து நகர்த்தினால், இப்போது கேம் புல்லியில் வெளிப்படையாகத் தெரிகிற 7.5 டிகிரிப் பிழை, நாளை உள்ளே மறைந்துகொண்டு ஓடும். ஹாஃப் கட் எஞ்சினுக்கும் வந்தவுடன் பெல்ட் மாற்ற வேண்டும். அப்போதும் டாப் பிடிக்கத் தெரிந்தாக வேண்டும்.

பெல்ட்டைப் பற்றி இன்னும் இரண்டு செய்தி. பெல்ட் இல்லாதபோது கேம் புல்லி குறிக்கு நேராக அமைதியாக நிற்காது. வால்வு ஸ்பிரிங்குகள் ராக்கர் வழியாகக் கேமின் மேல் அழுத்திக்கொண்டிருப்பதால், தொட்டவுடன் துள்ளி ஒரு பக்கம் ஓடும். ராக்கர் முனையில் இருக்கும் சரிசெய் திருகுகளின் நட்டைத் தளர்த்தி, திருகுகளைப் பல சுற்றுப் பின்வாங்கி வைத்தால் அந்த அழுத்தம் குறையும். கேமைத் தனியாகச் சுற்ற நேர்ந்தால், முதலில் கிராங்க்கை டாப்பிலிருந்து கால் சுற்றுத் திருப்பிவிடுங்கள். அப்போது நான்கு பிஸ்டன்களும் சிலிண்டரின் நடுப்பகுதிக்கு இறங்கிவிடும், எந்த வால்வு திறந்தாலும் இடிக்க ஒன்றும் இருக்காது. கேம் குறிக்கு வந்தபின் கிராங்க்கை அதே வழியில் திரும்பக் கொண்டுவாருங்கள்.

பெல்ட்டை மாட்டும்போது கிராங்க்கில் தொடங்கி, பெல்ட்டை இறுக்கிவைக்கும் டென்ஷனர் இல்லாத பக்கத்தை விறைப்பாக இழுத்துக் கேமில் ஏற்றுங்கள். தளர்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் மட்டுமே மிஞ்ச வேண்டும். இறுகிய பக்கத்தில் சிறிது தொய்வு இருந்தாலும் குறிகள் பொருந்தியது போலத் தோன்றி, டென்ஷனரை விட்டவுடன் கேம் திரும்பிவிடும். டென்ஷனரில் இரண்டு போல்ட்டுகள் இருக்கும். ஸ்பிரிங் தானாகத் தள்ளி நின்றபின், நீள்துளையில் இருக்கும் போல்ட்டை முதலில் முடுக்கி, அச்சாக இருக்கும் போல்ட்டைப் பிறகு முடுக்குங்கள். வரிசை மாறினால், அச்சு போல்ட்டை முடுக்கும் வேகத்திலேயே டென்ஷனரும் சேர்ந்து திரும்பி, பெல்ட் அளவுக்கு மேல் இறுகிவிடும்.

ஒதுங்கி நிற்கும் ராக்கரைப் பற்றி நீங்கள் எழுதிய கடைசி வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. தள்ளினால் வருகிறது, விட்டால் ஒதுங்குகிறது என்றால், ஒரு பக்கம் அதைத் தள்ளுகிற ஸ்பிரிங் இருக்கிறது, எதிர்ப்பக்கம் தாங்க வேண்டியது இல்லை. ராக்கர் ஷாஃப்டில் ராக்கர்களை அந்தந்த இடத்தில் நிறுத்துவது இடையில் கோத்திருக்கும் ஸ்பிரிங்குகள்தான். உள்ளிழுக்கும் வால்வு சிலிண்டருக்கு இரண்டு, வெளியேற்றும் வால்வு ஒன்று என்பதால் இரண்டு ஷாஃப்டுகளிலும் கோக்கும் வரிசை வேறு வேறு. ஒன்று விட்டுப்போயிருக்க வேண்டும் அல்லது இடம் மாறியிருக்க வேண்டும். கழற்றும்போது படம் எடுத்திருந்தால் எண்ணிப் பாருங்கள். வால்வுத் தண்டின் ஓரத்தில் மிதிக்கிற ராக்கர், தண்டைப் பக்கவாட்டில் தள்ளி, வழிகாட்டிக் குழாயையும் நீங்கள் புதிதாகப் போட்ட சீலையும் தேய்த்துவிடும். ஆகவே அதைத் தீர்க்காமல் மேலே போக வேண்டாம்.

ராக்கர் ஷாஃப்டைக் கழற்றும்போது இன்னொன்றையும் பாருங்கள். ஷாஃப்டின் உடம்பில் எண்ணெய்த் துளைகள் இருக்கும். தலைகீழாகவோ முன்பின்னாகவோ மாட்டினால் போல்ட் ஏறிவிடும், எஞ்சினும் ஓடும், ஆனால் ராக்கருக்கு எண்ணெய் போகாது. முனையில் இருக்கும் அடையாளத்தைப் பார்த்து மாட்டுங்கள். எந்த ராக்கர் எந்த வால்வில் இருந்ததோ அதே இடத்துக்குப் போக வேண்டும், ஏனென்றால் அவை ஒன்றோடொன்று தேய்ந்து பழகியவை. போல்ட்டுகளை ஒரு முனையிலிருந்து முழுவதும் முடுக்கிக்கொண்டு போகாமல், எல்லாவற்றையும் அரை அரைச் சுற்றாக ஏற்றுங்கள்.

கடைசியாக, ராக்கரின் திருகுக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி. வால்வை அரைக்கும்போது அது இருக்கைக்குள் சற்று இறங்குகிறது. அதே அளவு அதன் தண்டு மேலே ஏறுகிறது. ஆகவே பழைய திருகு நிலை இப்போது பொருந்தாது, இடைவெளி குறைந்திருக்கும். இடைவெளியே இல்லாமல் போன வால்வு முழுவதும் மூடாது; அமுக்கம் வராது; வெளியேற்றும் வால்வாக இருந்தால் எரிந்தும் போகும். இந்த எஞ்சினில் எரியும் வரிசை 1-3-4-2. முதல் சிலிண்டர் அமுக்கத்தின் டாப்பில் இருக்கும்போது, ஒன்றாம் சிலிண்டரின் எல்லா வால்வுகளையும், இரண்டின் உள்ளிழுக்கும் வால்வுகளையும், மூன்றின் வெளியேற்றும் வால்வையும் சரிசெய்யுங்கள். கிராங்க்கை ஒரு முழுச் சுற்றுத் திருப்பி, நான்காம் சிலிண்டரை டாப்புக்குக் கொண்டுவந்து மிச்சத்தைச் செய்யுங்கள். அளவைப் பராமரிப்புக் கையேட்டில் பாருங்கள். சூடான எஞ்சினுக்கா குளிர்ந்த எஞ்சினுக்கா என்பதையும் சேர்த்துப் பாருங்கள், இரண்டும் வேறு. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு நடுவில் நுழைந்து, மெல்லப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். தடையே இல்லாமல் வந்தாலும் தவறு, மடங்கினாலும் தவறு.


ஜெலுத்தோங்வாசி எழுதியது:

ஐயாவுக்கும் பிறை அண்ணாவுக்கும் நன்றி. மூன்று நாள் மாலை மழையால் போர்ச்சுக்குள் சாரல் அடித்து வேலை நின்றுபோனது, நேற்றுதான் முடித்தேன்.

கிராங்க் பல்சக்கரத்தின் குறி எங்கே என்று முன்பே தேடியிருக்கிறேன், கிடைக்காததால்தான் ஸ்குரூடிரைவரை எடுத்தேன். மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கியும் எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். கிராங்க் முன்புற சீல் கசிந்து, எண்ணெயும் பெல்ட் தூளும் சேர்ந்து தார் போல ஒட்டியிருந்தது. ஆணி முனையால் சுரண்டியபோது முதலில் உறையின் குறி தெரிந்தது, பிறகு சக்கரத்தின் குறி. நான் டாப் என்று நிறுத்தியிருந்த இடத்தில் அவை இரண்டும் நேராக இல்லை. சக்கரத்தின் குறி வந்து சேர இன்னும் சிறிது தூரம் இருந்தது, அதாவது அண்ணா சொன்னபடி நான் டாப்புக்கு முன்னாலேயே நின்றுவிட்டேன். சாப்ஸ்டிக் முறையிலும் செய்து பார்த்தேன்; நடுப்புள்ளி அந்தக் குறியோடு சரியாக ஒத்துப்போனது. குறிகள் நேரானபின் பெல்ட்டை மாட்டியபோது, கேம் புல்லி முதல் முயற்சியிலேயே பொருந்தியது. இரண்டு சுற்றுக்குப் பின்னும் அசையவில்லை.

ராக்கர் சங்கதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஷாஃப்டைக் கழற்றி எண்ணியபோது ஸ்பிரிங் ஒன்று குறைந்தது. கழற்றிய சிறு பாகங்களை ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்திருந்தேன். அதைக் கவிழ்த்தும் ஒன்றும் விழவில்லை. விரலை விட்டுத் தடவியபோது, அடிவிளிம்பின் மடிப்பில் எண்ணெயோடு ஒட்டிக்கொண்டு அந்த ஸ்பிரிங் இருந்தது. அதைக் கோத்தபின் ராக்கர் தண்டின் நடுவில் உட்கார்ந்தது. ஷாஃப்டுகளின் எண்ணெய்த் துளைகள் நல்லவேளையாகச் சரியான பக்கமே இருந்தன. இடைவெளி பார்த்ததில் ஐயா எச்சரித்தது போலவே, வெளியேற்றும் வால்வுகள் நான்கில் இரண்டில் மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை.

இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை. கிராங்க் சீல் கசிகிறது என்று தெரிந்த பிறகு அதன் மேல் புது பெல்ட்டை ஓட்ட மனம் வரவில்லை. சீல் மாற்ற பெல்ட்டை மறுபடி கழற்ற வேண்டும் அல்லவா?


பிறைக்காரன் எழுதியது:

ஆம், கழற்றத்தான் வேண்டும். சில வெள்ளி சீலுக்காக ஒரு மாலை வீணாகும், ஆனால் எண்ணெய் ஊறிய பெல்ட் பல் உதிர்ந்தால் இத்தனை நாள் செய்ததெல்லாம் வீண். கேம் பக்கத்து சீலையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். இதுவரை மாட்டிய பெல்ட்டில் எண்ணெய் பட்டிருந்தால் துடைத்துவிட்டு மாட்டலாம் என்று நினைக்காதீர்கள், புதிதாக வாங்குங்கள். சீலை அடித்து ஏற்றும்போது அதன் வெளிவிட்டத்துக்குச் சமமான சாக்கெட் ஒன்றை வைத்து, சுற்றிலும் ஒரே சீராகத் தட்டுங்கள். உதட்டில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். பல்சக்கரம் கிராங்க்கில் நழுவாமல் பிடிக்கும் சிறு இரும்புத் துண்டான சாவியும் அதன் பள்ளமும் தேய்ந்திருக்கிறதா என்று அந்த நேரத்திலேயே பார்த்துவிடுங்கள். சாவியில் ஆட்டம் இருந்தால் குறிகள் நேராக நின்றும் டைமிங் தவறும்.

பிறகு பிளக்குகளைக் கழற்றி வைத்துக் கையால் சுற்றுங்கள். எங்காவது கெட்டியாக முட்டினால் ரெஞ்சை நீட்டி அழுத்தாதீர்கள், நிறுத்திவிட்டு எழுதுங்கள்.


ஜெலுத்தோங்வாசி எழுதியது:

இரண்டு சீல்களும் புதிய பெல்ட்டும் போட்டாயிற்று. சாவியில் ஆட்டம் இல்லை. பிளக் இல்லாமல் கையால் சுற்றியபோது எங்கும் முட்டவில்லை. கம்ப்ரஷன் பார்த்ததில் நான்கு சிலிண்டர்களும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவே இருந்தன. இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் வெளியே போகும் வரை காத்திருந்து சாவியைத் திருப்பினேன். இரண்டாவது முறையில் பிடித்துக்கொண்டது. முதல் ஒரு நிமிடம் ராக்கர்களில் சிறிது சத்தம் கேட்டது, எண்ணெய் மேலேறியதும் அடங்கிவிட்டது. சூடானபின் இடைவெளியை மறுபடி பார்த்து, மூன்றாம் சிலிண்டரில் மட்டும் சற்றுத் திருத்தினேன்.

தைப்பூசத்துக்குப் பேருந்தில்தான் போகிறோம்.